எதைத் தேடி என்று சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘தலைசுற்றலா, தலைவலியா? செய்ய வேண்டிய 12 பரிசோதனைகள்’ என்ற கட்டுரை வந்திருந்தது. பழக்கதோஷம், பென்சிலை எடுத்துக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்தேன். 34 ஆண்டுகள் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியவன் நான். இரண்டு பிழைகள் கண்ணில் பட்டன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். எழுதத் தூண்டியது வேறொன்று. அந்த 12ல் 7 பரிசோதனைகளைக் கடந்த ஓராண்டில் நானே செய்துகொண்டிருக்கிறேன். அவற்றில் 4 எனக்குத் தேவையே இருக்கவில்லை. என் தலைசுற்றலைக் கண்டுபிடித்த பரிசோதனையோ உங்கள் பட்டியலிலேயே இல்லை. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கட்டில், விவரம் தெரிந்த மருத்துவரின் இரண்டு கைகள், அவ்வளவுதான். விளம்பரம் கொடுக்க ஆளில்லாததால் பட்டியலில் விடுபட்டதோ என்று எனக்கொரு குறும்புச் சந்தேகம். மன்னியுங்கள்.

எனக்கு வயது 63. ஒருநாள் விடிகாலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தேன். அறை அப்படியே தூக்கிச் சுழற்றப்பட்டது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பிடி, பிடி” என்று கத்தியிருக்கிறேன். எதைப் பிடிக்கச் சொன்னேனோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. குமட்டல் மட்டும் காலை முழுக்க இருந்தது. இரண்டு நாள் கழித்து, மேல்தட்டில் இருந்த அகராதியை எடுக்க அண்ணாந்தபோது மறுபடி அதே சுழற்சி. இந்தத் தடவை நெற்றிப்பொட்டு அலமாரி விளிம்பில் இடித்தது. இதற்கெல்லாம் இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே தலைவலியும் இருந்தது. எழும்போதே தலையைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும். ஒரு மாத்திரை போட்டால் மதியம்வரை தாங்கும். தலை ஒன்றுதானே, ஆகையால் நோயும் ஒன்றுதான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். மூளைக்கட்டி என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் எல்லாருடைய மனதிலும் அதுதான் இருந்தது.

மகன் தொலைவில் வேலை பார்க்கிறான். விஷயம் தெரிந்த அன்றே கைபேசியில் அழைத்தான். “அப்பா, நீங்க எங்கயும் அலைய வேணாம். எல்லாத்தையும் ஒரே இடத்துல புக் பண்ணிட்டேன். காலையில வெறும் வயித்தோட போங்க, மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்.” நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, அப்பாவின் தலைக்குள் என்ன என்று தெரியாமல் இருப்பதைவிட எதையாவது ஏற்பாடு செய்துவிடுவது எவ்வளவோ ஆறுதல்.

ரத்தம், தலைக்கு சிடி ஸ்கேன், கழுத்துக்கு எக்ஸ்ரே, மூளை மின்னலைகளைப் பதியும் இஇஜி, கழுத்து ரத்தக்குழாயில் ஓட்டம் பார்க்கும் டாப்ளர் என்று ஐந்து. முகப்பில் உட்கார்ந்திருந்த பெண் “என்ன கம்ப்ளெயின்ட் சார்?” என்றார். நான் புரண்டு படுத்ததிலிருந்து ஆரம்பித்தேன். அகராதியை எட்டுவதற்குள் அவர் தட்டச்சு செய்து முடித்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். ‘கிடினஸ், ஹெட்ஏக்.’ ஐந்து சீட்டிலும் அந்த இரண்டே சொல். இந்த மனிதருக்கு எதைச் சந்தேகிக்கிறோம், எது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும் என ஒரு வரி எந்தச் சீட்டிலும் இல்லை. எப்படி இருக்கும்? எந்த மருத்துவரும் என்னை அதுவரை தொட்டுப் பார்க்கவே இல்லையே.

என் தொழிலில் ஒன்று உண்டு. மெய்ப்பைத் திருத்துபவருக்கு மூலப்பிரதியும் கையில் வேண்டும். வெறும் மெய்ப்பை மட்டும் கொடுத்து ‘பார்’ என்றால் கால் விட்டது, கொம்பு விட்டது எல்லாம் பிடிபடும். நடுவே ஒரு பத்தியே விழுந்துபோயிருந்தால் தெரியாது. வரிகள் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். என் சிடி படத்தைப் படித்துச் சொன்ன கதிரியல் மருத்துவரின் நிலைமையும் அதுதான். அவர் என்னைப் பார்த்ததில்லை. அவருக்குக் கிடைத்தது படமும் இரண்டு சொல்லும். அவர் கண்ணுக்கு எது பட்டதோ அதை நேர்மையாக எழுதினார்: ரத்தக்கசிவு இல்லை, கட்டி தெரியவில்லை, வயதுக்கேற்ப மூளையில் லேசான சுருக்கம். முதல் இரண்டும் என் மனைவியின் காதில் விழவேயில்லை. “மூளை சுருங்குதாமே” என்று அன்றிரவு அவள் தூங்கவில்லை. வயதானால் தோல் சுருங்குவதுபோல அதுவும் சகஜம் என்று எங்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. கவரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கழுத்து எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று வந்தது. 63 வயதில் யார் கழுத்தைப் படம் எடுத்தாலும் கொஞ்சமாவது தேய்ந்துதான் இருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அன்று அது குற்றவாளி அகப்பட்டதுபோல் இருந்தது. கழுத்துக்குப் பட்டை மாட்டிவிட்டார்கள். மூன்று வாரம் பட்டையோடு திரிந்தேன். வேடிக்கை என்னவென்றால், தலைசுற்றல் நிஜமாகவே குறைந்தது! பட்டை போட்டால் அண்ணாந்து பார்க்க முடியாது, குனிய முடியாது, படுக்கையில் சட்டென்று புரள முடியாது. தலை அசையாததால் சுழற்சி வரவில்லை. நாங்களோ கழுத்துதான் காரணம் என்று உறுதியே செய்துகொண்டோம். ஒரு பிழை இன்னொரு பிழைக்குச் சாட்சி சொல்லும் இடங்களை மெய்ப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் கழுத்திலேயே அது நடந்தபோது தெரியவில்லை.

இஇஜி பற்றியும் ஒரு வார்த்தை. அது வலிப்பு நோய் சந்தேகத்துக்கு உதவும் பரிசோதனை. சாதாரணத் தலைவலிக்கு அதனால் ஒன்றும் தெரியாது என்று பின்னால் பார்த்த மருத்துவர் சொன்னார். தலையில் ஒட்டிய பசையை அலசி எடுக்க எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அதன் பயன் அத்தோடு முடிந்தது.

பழைய அச்சகத் தோழர் ஒருவர் வற்புறுத்தியதால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். நடுத்தர வயதுப் பெண்மணி. நான் நீட்டிய கனத்த ஃபைலை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். “இதை அப்புறம் பாக்கலாம் ஐயா. முதல்ல நீங்க சொல்லுங்க.”

இப்படிக் கேட்க ஒருவர் கிடைத்தால் விடுவேனா? தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். சுற்றுமுற்றும் சுழன்றால் தலைசுற்றல். உள்ளுக்குள்ளேயே லேசாக ஆடினால் கிறுகிறுப்பு. நினைவு நழுவுவதுபோல் இருந்தால் மயக்கம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது வேறு. தலை நன்றாக இருந்து கால் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் தள்ளாட்டம். இவ்வளவையும் ‘கிடினஸ்’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டார்களே என்று குமுறினேன். டாக்டரம்மா முழுவதும் கேட்டார். பிறகு சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

“நீங்க சொல்ற வித்தியாசம் ரொம்ப அழகு ஐயா. ஆனா இங்க வர்றவங்க பத்து நிமிஷத்துக்குள்ள இந்த அஞ்சு வார்த்தையையும் மாத்தி மாத்திச் சொல்லுவாங்க. அவங்க தப்பு இல்ல, அது அப்படித்தான் தெரியும். வார்த்தையை நம்பி நான் போனா ஏமாந்துருவேன். எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒரு தடவை வந்தா எவ்வளவு நேரம் நிக்குது? என்ன செய்யும்போது வருது?”

34 ஆண்டுகள் சொற்களோடு குடித்தனம் நடத்தியவனிடம் சொல்லை நம்ப முடியாது என்கிறார்! அதைவிட அவமானம், அவர் கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ரொம்ப நேரம் என்றேன். “இருபத்தெட்டு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என் மனைவி. “இவர் கத்துறப்போ எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல டாக்டர். எண்ணிக்கிட்டே இருந்தேன். முதல் தடவை இருபத்தெட்டு எண்ணுறதுக்குள்ள நின்னுச்சு. அடுத்த தடவை இருபது.”

ஐந்து பரிசோதனை சொல்லாததை அந்த எண் சொல்லிவிட்டது. தலை அசைந்தால் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுழற்சி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உட்காது. எழுந்து நிற்கும்போது மட்டும் வந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். காதில் இரைச்சலும் அடைப்பும் சேர்ந்து 20 நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை சுற்றினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். பிரான்சு நாட்டு மருத்துவர் மெனியர், தலைசுற்றலுக்கு மூலம் மூளைதான் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், உட்காதிலிருந்தும் அது வரலாம் என்று 1861ல் சொன்னவர். வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் சுற்றினால் ஒற்றைத் தலைவலியின் இன்னொரு முகமாக இருக்கக்கூடும்; தலை வலிக்காமலேகூட அது வருமாம். இடைவெளியே இல்லாமல் மணிக்கணக்காக, நாள்கணக்காகச் சுற்றினால்தான் உட்காது நரம்பின் அழற்சியா, சிறுமூளையில் பக்கவாதமா என்ற பெரிய கேள்வி எழுகிறது. ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை வேறு. எல்லாருக்கும் ஒரே பொதியைக் கட்டிக் கொடுத்தால் எப்படி?

என்னைக் கட்டிலில் நீட்டி உட்கார வைத்து, முகத்தை வலப்பக்கம் பாதி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று வினாடி ஒன்றுமில்லை. பிறகு அறை கிளம்பியது. நான் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டேன். அவரோ பதறாமல், “அம்மா, இங்க வந்து இவர் கண்ணைப் பாருங்க” என்று என் மனைவியைக் கூப்பிட்டார். “ஐயோ, கண்ணு துள்ளுது” என்றாள் அவள். “அதுதான் ரிப்போர்ட்” என்றார் டாக்டரம்மா.

உட்காதில் ஒரு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான். அவை உதிர்ந்து பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாயில் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் குழாய்க்குள் உருண்டு, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் சேதி அனுப்பும். துகள் எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவு சிறிது. ஆனால் அது உருளும்போது கண் ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்து எந்தக் காது, எந்தக் குழாய் என்று சொல்லிவிடலாம். சொன்னார். பிறகு அதே கட்டிலில் என் தலையை இடப்பக்கம் திருப்பி, உடம்பைப் புரட்டி, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்கார வைத்தார். துகள்களை வந்த வழியே பைக்குத் திருப்பி அனுப்பும் வித்தை. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை செய்தார். கழுத்துப்பட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஓய்வுபெற்றவனுக்கு நேரம் நிறைய. இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற இளம் காது மருத்துவர் நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். நீர் சில்லென்று இருந்தபோது அவர்களுக்குத் தலை சுற்றிக் கண் ஒரு திசையில் துள்ளியது. சூடாக இருந்தபோது எதிர்த்திசையில் துள்ளியது. வேறொருவராக இருந்தால் நீரின் சூட்டைச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்காதின் இயக்கத்தையே சோதிக்கும் வழியாக்கினார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அறிவிப்பு வந்தபோது அவர் முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தார். தலையின் நிலையால் வரும் இந்தச் சுழற்சியை 1921ல் விவரித்து எழுதியவரும் அவரே. என்னைச் சாய்த்துப் பார்த்த முறையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952ல் வெளியிட்டார்கள். புரட்டிச் சரிசெய்யும் முறையை எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992ல் எழுதினார். மனிதத் தலையை முதன்முதலில் சிடி ஸ்கேன் எடுத்தது 1971 அக்டோபரில். ஆக, என் நோயைக் கண்டுபிடிக்கும் வழி சிடிக்கு 19 ஆண்டு மூத்தது. மூத்தவரை ஒரு வார்த்தை கேட்காமல் இளையவரிடம் போய் நின்றிருக்கிறேன்.

இதனால் ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் தலைவலி விஷயத்தில் கதை நேர் எதிராகப் போயிற்று.

“தலைவலி தனிக் கணக்கு ஐயா, அதை இதோட சேர்க்காதீங்க” என்று டாக்டரம்மா ஒரு பொதுநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். அந்த மருத்துவர் 40 நிமிடம் பேசினார். படுக்க வைத்து ஐந்து நிமிடம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பார்த்தார். நின்றவுடன் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுவே ஒரு விடையாம். எனக்கு இறங்கவில்லை. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்; தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் கண்ணின் பின்புறத்தில் நரம்பு புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். நெற்றிப்பொட்டைத் தடவி வலிக்கிறதா என்றார். மெல்லும்போது தாடை நோகிறதா, தலை சீவும்போது மண்டைத்தோல் எரிகிறதா, பார்வை ஒரு கணம் மறைந்து வருகிறதா என்று கேட்டார். ஏன் இதெல்லாம் என்று கேட்டதற்கு, 50 வயதுக்கு மேல் புதிதாக ஒரு தலைவலி வந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியை விலக்கியாக வேண்டும், கவனிக்காமல் விட்டால் கண்பார்வையே போய்விடும் என்றார். அதற்கு முதல்படியான பரிசோதனைகள், உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு சாதாரண ரத்த அளவுகள். மகன் எடுக்க வைத்த ரத்தப் பொதியில் இரண்டு பக்கம் நிறைய அளவுகள் இருந்தன. இந்த இரண்டும் இல்லை!

பிறகு மாத்திரைக் கணக்கு. மாதத்தில் எத்தனை நாள் என்றார். எப்போதாவது என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, காலி அட்டைகளை எடுத்து எண்ணினேன். மாதத்துக்கு 22 நாள். அதுவும் இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை. இத்தகைய கலவை மாத்திரையை மாதம் 10 நாளும், தனி வலிமாத்திரையை மாதம் 15 நாளும் தாண்டி மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். என்னை இவ்வளவு நாள் காப்பாற்றிய மாத்திரைதான் வலிக்கும் காரணமோ என்று அவர் சந்தேகப்பட்டார். இருந்தாலும் வயதையும், அலமாரியில் இடித்துக்கொண்டதையும் கருதி எம்ஆர்ஐ எடுத்தே ஆகவேண்டும் என்றார். அவர் எழுதிய சீட்டைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘வயது 63. சுமார் நான்கு மாதமாகப் புதிய தலைவலி, காலையில் அதிகம். ஒன்றரை மாதம் முன்பு தலையில் அடி. நரம்புப் பரிசோதனையில் குறை இல்லை. வலிமாத்திரை அதிகம் எடுத்திருக்கிறார். மூளை உறைக்குக் கீழே ரத்தம் தேங்கியிருக்கிறதா? கட்டி உண்டா?’

ஆசிரியர் அவர்களே, ஒரு பரிசோதனைச் சீட்டைப் படித்து எனக்குக் கண் கலங்கியது அன்றுதான். கேள்விக்குறியோடு முடியும் சீட்டு! இப்போது படத்தைப் படிப்பவர் கையில் மூலப்பிரதி இருக்கிறது.

அந்த எம்ஆர்ஐயும் உடனே நடந்துவிடவில்லை. ஸ்கேன் அறை வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டிருக்கிறதா, காதில் கருவி பொருத்தியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்வி. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுக்கொண்டே வந்தவன் ஒன்றில் நின்றேன்: ‘எப்போதாவது கண்ணில் உலோகத் துகள் பட்டதுண்டா?’ 22 வயதில், அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் கத்தியைச் சாணை பிடிக்கும்போது பக்கத்தில் நின்றேன். கண்ணில் இரும்புப்பொறி பட்டு எடுத்தார்கள். 41 ஆண்டாக நினைத்தே பார்க்காத சங்கதி. சொன்னேன். ஸ்கேனை நிறுத்திவிட்டு, கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்து, துகள் எதுவும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகு வேறொரு நாள் வரச் சொன்னார்கள். எம்ஆர்ஐயின் காந்தம் ஒரு சின்ன இரும்புத் துகளையும் கண்ணுக்குள் நகர்த்திவிடக்கூடியது. உலோகப் பட்டறை, வெல்டிங், சாணை என்று எதிலாவது வேலை செய்தவர்கள் இதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. மகனுக்கு இந்தக் கதை தெரியாது. அவன் எனக்காகப் படிவம் நிரப்பியிருந்தால் ‘இல்லை’ என்றுதான் போட்டிருப்பான்.

ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எம்ஆர்ஐ எடுக்கச் சிறுநீரக அளவான கிரியேட்டினின் வேண்டும் என்றார்கள். அது பழைய ரத்தப் பொதியில் இருந்தது. மகனுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன், அவனும் மகிழட்டுமே.

ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்த அளவுகளும் சரி. மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினேன். முதல் பத்து நாள் நரகம். அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் தலைவலி மாதம் இரண்டு மூன்று நாளாகக் குறைந்தது. காது கேட்கும் திறனையும் சோதித்தார்கள். அச்சு இயந்திரங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்ததற்கு வலக்காது கொஞ்சம் கட்டணம் கட்டியிருக்கிறது. அதற்கும் சுழற்சிக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் கட்டுரையின் மேல் எனக்கு இருக்கும் உண்மையான கோபத்துக்கு இப்போது வருகிறேன். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளைக் கடைசிப் பத்தியில், அதுவும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை முதல் பத்தியில் போட்டிருக்க வேண்டும். இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி, தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், ஒன்று இரண்டாகத் தெரிவது, முகமோ கையோ ஒருபக்கம் இழுப்பது, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபடுவது: இவற்றுக்கெல்லாம் பரிசோதனையை முன்பதிவு செய்துகொண்டிருக்கக் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ‘வரும் வியாழன் காலை 9 மணிக்கு’ என்று குறுஞ்செய்தி வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனால் அந்தக் கெடு போய்விடும்.

இன்னொன்று. சிடி நன்றாக இருந்தால் பக்கவாதம் இல்லை என்று கட்டுரை சொல்கிறது. ரத்தக்கசிவைப் பிடிப்பதில் சிடி கெட்டி. மூளையின் பின்பகுதியில், சிறுமூளைப் பக்கம் ரத்த ஓட்டம் அடைபட்டிருந்தால் ஆரம்ப மணி நேரங்களில் சிடியில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐகூட முதல் இரண்டு நாளில் சிலருக்குத் தவறவிடுவதுண்டு. விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நோயாளியின் கண் அசைவை மூன்று விதமாகப் பார்த்து, பயிற்சி பெற்ற மருத்துவர் முதல் எம்ஆர்ஐ தவறவிட்டதையும் பிடிக்க முடியும் என்று 2009லேயே எழுதியிருக்கிறார்கள். ‘சிடி நார்மல்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரை வீட்டில் படுக்க வைப்பது ஆபத்து. இந்த ஒரு வரிக்காவது திருத்தம் வெளியிடுங்கள்.

மற்றபடி, பெற்றோருக்குத் தூரத்திலிருந்து பரிசோதனை ஏற்பாடு செய்யும் பிள்ளைகளுக்கு என் மகனிடம் சொன்னதையே சொல்கிறேன். முதலில் ஒரு மருத்துவரை ஏற்பாடு செய்யுங்கள், இயந்திரத்தை அவர் ஏற்பாடு செய்வார். அவரிடம் போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது, காதில் இரைச்சல் இருந்ததா, வெளிச்சம் கூசியதா, அன்று என்ன மாத்திரை. ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் எதற்கு மாத்திரை சாப்பிட்டாலும் அட்டையோடு எடுத்துப் போகட்டும். சுற்றும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் கைபேசியில் கண்ணைப் படம்பிடித்து வைக்கலாம். டாக்டரம்மா அதைத் தங்கம் என்கிறார். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் உட்காதுப் பரிசோதனைகளின் முடிவை மங்கச் செய்துவிடும் என்பதால், எதை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. சீட்டு கைக்கு வந்ததும் அதைப் படியுங்கள். அதில் கேள்வி இல்லை என்றால், “டாக்டர், இதில் எதைத் தேடுகிறோம்?” என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நானும் பயந்திருக்கிறேன். இதுவரை நான் கேட்ட மூன்று மருத்துவர்களில் இருவர் உடனே பேனாவை எடுத்து எழுதினார்கள். மூன்றாமவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இப்போதைக்கு வேணாம், ஒரு வாரம் பாக்கலாம்” என்று சீட்டையே கிழித்துப் போட்டார்.

மூன்று மாதம் முன்பு எனக்குச் சுழற்சி மறுபடி வந்தது. துகள் சிலருக்குத் திரும்ப உதிருமாம். இந்தத் தடவை நான் கத்தவில்லை. மனைவியும் நானும் சேர்ந்தே எண்ணினோம். பதினெட்டு. மறுநாள் நேராக டாக்டரம்மாவின் கட்டிலுக்குப் போனேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம். பெயர் தெரிந்தால் பரிசோதனை நிலையம் எது, மருத்துவர் யார் என்று ஊகிப்பார்கள். குறை சொன்ன இடத்துக்கும் சங்கடம், பாராட்டிய இடத்திலும் கூட்டம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்

பி.கு.: அந்த இரண்டு பிழைகள். ஒரே கட்டுரையில் ‘தலைசுற்றல்’ என்று 9 இடத்திலும் ‘தலைச்சுற்றல்’ என்று 6 இடத்திலும் வந்திருக்கிறது. தலை சுற்றுகிறது, எழுவாய்த் தொடர், வல்லினம் மிக வேண்டியதில்லை என்பது என் கட்சி. எப்படியானாலும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ‘எம்ஆர்ஐ படம்’ என்று கீழே குறிப்புப் போட்டிருக்கிறீர்களே, அது சிடி. மண்டையோடு பளிச்சென்று வெள்ளை வளையமாகத் தெரிகிறது பாருங்கள். என் ஃபைலில் இரண்டும் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.